பலாப்பழத்தை உரிப்பதும் அறுப்பதும்: மருத்துவ மாணவர் உடலைப் படிக்கும் இரு வழிகள்

பலாப்பழத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க இரண்டு வழி உண்டு.

கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, தோலை மட்டும் கத்தியால் கீறி, நாரை விலக்கிச் சுளை சுளையாகப் பிரித்தெடுப்பது ஒன்று. எந்தச் சுளை எங்கே ஒட்டியிருக்கிறது, எது இழுத்ததும் வரும், எது பிய்த்தால்தான் வரும் என்பதெல்லாம் விரலுக்குப் புரிந்துவிடும். ஆனால் பிரித்து முடித்த பிறகு பழம் இருக்காது. தட்டில் சுளைகள்தான் இருக்கும். இன்னொன்று, முழுப் பழத்தையும் குறுக்கே ஒரே வெட்டாக அறுப்பது. நடுத்தண்டு, சுற்றிச் சுளைகள், சுளைக்குள் கொட்டை, வெளியே முள்தோல் என்று அத்தனையும் இருந்த இடத்திலேயே தெரியும். ஆனால் அந்த வெட்டில் தெரியும் மஞ்சள் வளையம் சுளையின் நடுப்பகுதியா நுனியா என்று, சுளையை ஒருமுறையாவது கையில் எடுத்துப் பார்த்தவருக்குத்தான் தெரியும்.

மருத்துவக் கல்லூரி முதலாண்டில் உடற்கூறியல் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்த இரண்டுமே வேண்டும். உரித்துப் பார்ப்பதுதான் டிசெக்‌ஷன். அறுத்துப் பார்ப்பதை இன்றைக்கு சிடி, எம்ஆர்ஐ ஸ்கேன்கள் கத்தியே படாமல், உயிருள்ள உடலில் செய்துகாட்டுகின்றன. “ஸ்கேனிலேயே எல்லாம் தெரிகிறதே, இன்னும் எதற்கு இறந்தவர் உடலைத் தொந்தரவு செய்ய வேண்டும்?” என்று பல பெற்றோர்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்ல, முதலில் டிசெக்‌ஷன் நடக்கும் ஹாலுக்குள் போக வேண்டும்.

மேசையில் இருப்பவர்

ஒரு குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். செய்தித்தாளில் உடற்கூராய்வு என்று வருவது பிரேதப் பரிசோதனை. சாவுக்கு என்ன காரணம் என்று கண்டறிய, சில மணி நேரத்தில் முடிக்கும் வேலை அது. முடிந்ததும் உடல் வீட்டாரிடம் போய்விடும். டிசெக்‌ஷனில் அவசரம் கிடையாது. ஒரே உடலை மாதக்கணக்கில், இந்த வாரம் அக்குள், அடுத்த வாரம் முன்கை என்று பகுதி பகுதியாகப் படிப்பார்கள். இங்கே காரணம் எதையும் தேடுவதில்லை. உடல் எப்படி அமைந்திருக்கிறது என்பதே பாடம்.

அத்தனை மாதம் உடல் கெடாமல் இருப்பது ஃபார்மலினால். இறந்த சில மணி நேரத்துக்குள், பெரும்பாலும் தொடையில் இருக்கும் தமனி வழியாக, ஃபார்மலினும் கிளிசரினும் வேறு சிலவும் கலந்த நீரைச் செலுத்துவார்கள். உயிரோடு இருந்தபோது இரத்தம் போன பாதையிலேயே அது உடல் முழுக்கப் போகிறது. ஃபார்மலின் புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்துவிடும். அதனால் கிருமி எதுவும் அதைத் தின்ன முடியாது. அதே காரணத்தால் தசை இறுகும், நிறம் பழுப்பாகும், மூட்டுகள் விறைக்கும். அந்த நெடியில் முதல் நாள் கண் எரியும், மதியச் சாப்பாடு இறங்காது. ஃபார்மலினில் உள்ள ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வகைப்படுத்தியது. காற்றோட்டமும் கையுறையும் இல்லாத ஹாலில் மாணவர்களை நிறுத்தக் கூடாது என்பதை ஆசிரியர்கள் வலியுறுத்த வேண்டும்.

ஃபார்மலின் இல்லாத காலத்தில் என்ன செய்தார்கள்? பண்டைய இந்திய மருத்துவ நூலான சுசுருத சம்ஹிதை ஒரு வழி சொல்கிறது. உடலைப் புல்லால் சுற்றி, கூண்டுக்குள் வைத்து, ஓடும் நீரில் மறைவான இடத்தில் ஏழு நாள் கிடத்த வேண்டும். நன்றாக ஊறியதும் எடுத்து, வெட்டிவேர், மயிர், மூங்கில் போன்றவற்றால் செய்த தூரிகையால் மெல்லத் தேய்த்துத் தேய்த்துத் தோலில் தொடங்கி ஒவ்வொரு அடுக்காகப் பார்க்க வேண்டும். கண்ணால் கண்டதும் நூலில் படித்ததும் சேர்ந்தால்தான் அறிவு முழுமை பெறும் என்று அந்த நூல் சொல்கிறது. இன்றைய முதலாண்டு மாணவருக்கு இதைவிடப் பொருத்தமான அறிவுரை என்னிடம் இல்லை.

முதல் நாள் வகுப்பில் கத்தியை எடுப்பதற்கு முன், இந்த உடலை மரியாதையோடு நடத்துவோம் என்று மாணவர்கள் உறுதிமொழி எடுக்கிறார்கள். படம் எடுக்கக் கூடாது, கேலி கூடாது, படிக்காத பகுதியைத் துணியால் மூடி வைக்க வேண்டும். இவற்றை வெறும் சடங்கு என்று நினைக்கிறவர்கள் ஒரு முறை அந்த மேசையருகில் நின்று பார்க்கட்டும். நான் மாணவனாக இருந்தபோது எங்கள் மேசையில் இருந்தவர் ஒரு மூதாட்டி. முகத்தைவிட அவர் கைதான் என்னைக் கலங்கடித்தது. விரல் நகங்களில் மருதாணிச் சிவப்பு இருந்தது, அடியில் பாதி நகம் வெளிறி வளர்ந்திருந்தது. விரல் நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் வளரும். கணக்குப் போட்டால், கடைசியாக ஏதோ ஒரு விசேஷத்துக்காக மருதாணி இட்டுக்கொண்டு இரண்டு மாதம் போல அவர் வாழ்ந்திருக்கிறார். உடற்கூறியலில் நானாகக் கண்டுகொண்ட முதல் விஷயம் அதுதான்.

வெட்டுவது குறைவு, விலக்குவது அதிகம்

டிசெக்‌ஷன் என்றதும் கத்திதான் நினைவுக்கு வரும். உண்மையில் கத்தி அதிகம் பயன்படுவது தோலுக்குத்தான், பலாப்பழத்துக்கு எப்படியோ அப்படி. தோலுக்குக் கீழே கொழுப்பு அடுக்கு, அதற்குக் கீழே ஃபேசியா என்னும் வெண்மையான உறை, அதற்குள் தசைகள், தசைகளுக்கு நடுவே இரத்தக் குழாய்களும் நரம்புகளும். இந்த அடுக்குகளைப் பிரிக்க விரல் நுனியும், ஃபோர்செப்ஸ் என்னும் இடுக்கியும், மூடிய கத்தரிக்கோலை உள்ளே விட்டு விரிப்பதும் போதும். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் செய்யும் தவறு ஒன்றுதான்: தோலோடு சேர்த்துக் கொழுப்பையும் ஆழமாக அறுத்து, அதற்குள் நூல்போல ஓடும் தோல் நரம்புகளைத் தெரியாமலே துண்டித்துவிடுவார்கள். நானும் துண்டித்திருக்கிறேன்.

தமிழில் இங்கே ஒரு சொல் சிக்கலும் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் ஊசி போடும்போது “நரம்பு கிடைக்கலை” என்கிறோம். காலில் புடைத்து நெளிவதை “நரம்பு சுருட்டல்” என்கிறோம். இரண்டு இடத்திலும் நாம் சொல்வது நரம்பை அல்ல, சிரையை. தமனி, சிரை, நரம்பு மூன்றும் வேறு வேறு. இதயத்திலிருந்து இரத்தத்தை வெளியே கொண்டுபோவது தமனி, ஆங்கிலத்தில் ஆர்ட்டரி. இதயத்துக்குத் திரும்பக் கொண்டுவருவது சிரை. உணர்ச்சியையும் கட்டளையையும் கடத்துவது நரம்பு, அதில் இரத்தம் ஓடுவதில்லை.

புத்தகத்தில் தமனி சிவப்பு, சிரை நீலம், நரம்பு மஞ்சள். மேசையில் இருக்கும் உடலில் மூன்றும் ஒரே பழுப்பு. அப்போது எப்படிப் பிரித்தறிவது? விரலால்தான். இரு விரலுக்கு நடுவே வைத்து உருட்டினால் தமனி தடித்த சுவரோடு ரப்பர் குழாய்போல இருக்கும், அழுத்தினால் மீண்டுவரும். சிரை மெல்லியது, தட்டையாக நசுங்கிவிடும், பல சமயம் உள்ளே கறுத்து உறைந்த இரத்தம் இருக்கும். நரம்புக்குள் துளையே கிடையாது, முறுக்கிய கயிறுபோலக் கெட்டியாக இருக்கும். அக்குளில் இந்த மூன்றும் பின்னிக் கிடக்கும் இடத்தில் ஒரு மாணவி கண்ணை மூடிக்கொண்டு, “இது நரம்பு சார், இது ஆர்ட்டரி” என்று தொட்டுச் சொல்லும் நாள் வரும். அந்த நாளுக்குப் பிறகு அவளுக்குப் புத்தகத்தின் நிறங்கள் தேவைப்படுவதில்லை.

இறந்த உடல் ஏமாற்றுவதும் உண்டு. இறந்தபின் தமனிகள் பெரும்பாலும் காலியாகிவிடும், இரத்தம் சிரைகளில் தேங்கும். இதைப் பார்த்த பண்டைய கிரேக்கர்கள், தமனிகளில் ஓடுவது காற்று என்று நினைத்தார்கள். ஆர்ட்டரி என்ற சொல்லின் கிரேக்க மூலத்தால் அவர்கள் மூச்சுக்குழலையும் குறித்திருக்கிறார்கள். கண்ணால் பார்த்ததுதான், ஆனாலும் தவறு. உயிர் இல்லாத உடலில் உயிருள்ள உடலைப் படிக்கிறோம் என்பதை மறந்தால் இப்படித்தான் ஆகும்.

பார்க்காமல் எழுதியதாலும் தவறு நேர்ந்திருக்கிறது. இரண்டாம் நூற்றாண்டில் ரோமில் வாழ்ந்த மருத்துவர் கேலனுக்கு மனித உடலைப் பிரித்துப் பார்க்க வழியில்லை. குரங்கு, பன்றி போன்றவற்றைப் பார்த்து எழுதினார். அவர் சொன்னதே ஆயிரம் ஆண்டுக்கு மேல் பாடமாக இருந்தது. இத்தாலியின் பதுவா பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்த வெசேலியஸ் தானே உடலைப் பிரித்துப் பார்த்து, 1543இல், தன் 28ஆம் வயதில், பெரிய படப் புத்தகம் ஒன்றை வெளியிட்டார். மனிதனின் கீழ்த்தாடை கேலன் சொன்னதுபோல இரண்டு எலும்பல்ல, ஒன்றுதான் என்பது அவர் திருத்திய பலவற்றில் ஒன்று.

ஒவ்வொரு உடலும் வேறு

டிசெக்‌ஷனை இன்னும் விடக் கூடாது என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்: இரண்டு உடல்கள் ஒன்றுபோல இருப்பதில்லை. இதை நம்ப மேசைவரை போக வேண்டியதில்லை. உங்கள் கட்டைவிரல் நுனியையும் சுண்டுவிரல் நுனியையும் சேர்த்துப் பிடித்து, மணிக்கட்டை உள்பக்கமாகக் கொஞ்சம் மடக்குங்கள். மணிக்கட்டின் நடுவில் கயிறுபோல ஒரு தசைநாண் எழும்பி நிற்கிறதா? அது பால்மாரிஸ் லாங்கஸ் என்னும் சிறிய தசையினுடையது. பலருக்கு இது இருக்கும். சிலருக்கு ஒரு கையில் மட்டும் இருக்கும். சிலருக்கு இரண்டு கையிலும் இருக்காது. இல்லாததால் எந்தக் குறையும் இல்லை. இருப்பவர்களுக்கு, வேறோரிடத்தில் தசைநாண் அறுந்தால் அறுவை மருத்துவர்கள் இதை எடுத்து அங்கே வைத்துத் தைப்பது உண்டு.

இது தீங்கில்லாத வேறுபாடு. பித்தப்பைக்குப் போகும் சிறு தமனியின் வேறுபாடு அப்படியல்ல. அது பிரியும் இடமும் போகும் பாதையும் ஆளுக்கு ஆள் மாறும். பித்தப்பையை அகற்றும்போது, புத்தகத்தில் உள்ளபடியே இருக்கும் என்று நம்பி வெட்டினால் வேறு குழாய் அறுபடலாம். அதனால் ஹாலில் நல்ல ஆசிரியர்கள் ஒரு மேசையில் வேறுபாடு தென்பட்டால் மற்ற மேசைப் பிள்ளைகளை எல்லாம் அழைத்துக் காட்டுவார்கள். ஒருவர் சிறுநீரகத்துக்கு ஒரு தமனிக்குப் பதில் இரண்டு போகும். இன்னொருவர் இடுப்பில் எப்போதோ வைத்த உலோக மூட்டு இருக்கும். ஒருவர் நுரையீரல் புகையால் கரிப்புள்ளி படிந்திருக்கும். கணினித் திரையில் வரும் மாதிரி உடலில் இவை பெரும்பாலும் இருக்காது.

நிழலிலிருந்து வெட்டுக்கு

1895 நவம்பர் 8 அன்று ஜெர்மனியில் ராண்ட்கன் என்ற இயற்பியலாளர் எக்ஸ்ரேயைக் கண்டார். அடுத்த மாதமே தன் மனைவியின் கையைப் படம் எடுத்தார், எலும்புகளும் மோதிரமும் தெரிந்தன. உயிருள்ள உடலைத் திறக்காமலே உள்ளே பார்த்த முதல் படங்களில் அது ஒன்று.

எக்ஸ்ரே படம் என்பது நிழல். தோல்பாவைக் கூத்தில் திரைக்கு அருகில் ஒரு பாவையும் அதன் பின்னால் இன்னொன்றும் இருந்தால் இரண்டும் திரையில் ஒன்றின்மேல் ஒன்றாக விழும் அல்லவா? மார்பு எக்ஸ்ரேயிலும் விலா எலும்பு, இதயம், முதுகெலும்பு எல்லாம் ஒரே தளத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்திருக்கும். எலும்பு கதிரைத் தடுப்பதால் வெள்ளை, நுரையீரலில் உள்ள காற்று தடுக்காததால் கறுப்பு. எது முன்னால் எது பின்னால் என்பது நிழலில் தெரியாது.

அப்போதும் அந்த நிழல் ஒரு பெரிய திருத்தத்தைச் செய்தது. ஃபார்மலினில் இறுகி மல்லாந்து கிடக்கும் உடலில் இரைப்பை மேல்வயிற்றில் அடங்கி இருக்கும். உயிருள்ளவருக்கு எக்ஸ்ரேயில் தெரியும் பேரியம் கரைசலைக் குடிக்கக் கொடுத்து நிற்கவைத்துப் படம் எடுத்தால், அது தொங்கும். மெலிந்தவர்களுக்கு இடுப்புக்குழிவரைகூட இறங்கும். அதில் நோய் எதுவும் இல்லை, இயல்பே அதுதான். மேசையில் மட்டும் படித்தவருக்கு இது தெரிய வழியே இல்லை.

நிழல்களைப் பிரித்து வெட்டாக மாற்றியது சிடி. இசைத்தட்டுகளுக்குப் பேர்போன இஎம்ஐ நிறுவனத்தில் பொறியாளராக இருந்த காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு, எக்ஸ்ரேயைப் பல கோணங்களிலிருந்து செலுத்தி, கிடைக்கும் அளவுகளைக் கணினியில் கணக்கிட்டால், அந்தத் தளத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் எவ்வளவு அடர்த்தி என்று கண்டுபிடிக்கலாம் என்று காட்டினார். 1971 அக்டோபர் 1 அன்று லண்டன் விம்பிள்டனில் ஒரு மருத்துவமனையில் முதல் நோயாளியின் தலை படம் எடுக்கப்பட்டது. அந்தப் படத்தில் குறுக்கே 80, நெடுக்கே 80 கட்டங்கள்தான் இருந்தன. இன்று வழக்கமாக 512. இதே கணக்கைத் தனியாகச் செய்திருந்த ஆலன் கார்மாக்கோடு அவர் 1979இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

சிடியில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எண் உண்டு. தண்ணீர் 0. காற்று மைனஸ் 1000. கொழுப்பு ஏறக்குறைய மைனஸ் 100. கல்லீரல், தசை போன்றவை 40 முதல் 60க்குப் பக்கத்தில். கெட்டி எலும்பு பல நூறைத் தாண்டி 1000க்கு மேலும் போகும். இவ்வளவு அகன்ற வீச்சை ஒரே சமயத்தில் சாம்பல் நிறங்களாகக் காட்டினால் நம் கண்ணால் பிரித்தறிய முடியாது. அதனால் பார்க்க வேண்டிய பகுதிக்கேற்ப வீச்சைச் சுருக்கிக்கொள்வார்கள், இதற்கு விண்டோ என்று பெயர். நுரையீரல் விண்டோவில் கிளை கிளையாகத் தெரியும் நுரையீரல், வயிற்று விண்டோவுக்கு மாற்றியதும் வெறும் கறுப்பாகிவிடும். படம் ஒன்றே, நாம் கேட்கும் கேள்விதான் மாறுகிறது.

சிடி படத்தில் புதியவர்கள் முதலில் தடுமாறுவது இடம் வலத்தில். கல்லீரல் உடலின் வலப்பக்கம் இருக்கிறது, ஆனால் படத்தில் இடப்பக்கம் தெரிகிறதே? படுத்திருப்பவரின் காலடியில் நின்று தலையை நோக்கிப் பார்ப்பதுபோல அந்தப் படம் அமைக்கப்படுகிறது என்பதே காரணம். நான் வகுப்பில் இதைப் பாதாதிகேசம் என்று சொல்லிக்கொடுப்பேன். தெய்வத்தைப் பாதத்தில் தொடங்கிக் கூந்தல்வரை பாடுவது பாதாதிகேசம். மனிதரைத் தலையில் தொடங்கிப் பாடுவது கேசாதிபாதம் என்பது மரபு. சிடி எல்லோரையும் பாதத்திலிருந்துதான் பார்க்கிறது. இப்படிச் சொன்ன பிறகு என் மாணவர்கள் இடம் வலம் மாற்றிச் சொல்வது குறைந்தது.

உடற்கூறுக்கே தமிழில் அங்காதிபாதம் என்று ஒரு பழைய பெயர் இருக்கிறது. யாழ்ப்பாணம் மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீனின் முயற்சியில் 1872இல் ஒரு பெரிய உடற்கூறு நூல் தமிழில் வந்தது. அதன் பெயர் மனுஷ அங்காதிபாதம். எக்ஸ்ரேக்கு 23 ஆண்டுகள் முன்பு.

ஒரு வெட்டைப் படிப்போம்

கழுத்தின் அடியில், மார்பெலும்பின் மேல்முனையில் ஒரு பள்ளம் இருக்கிறது. அங்கிருந்து அடிவயிற்றின் கீழே இருக்கும் இடுப்பெலும்புவரை ஒரு கோடு இழுத்து, அதன் சரிபாதியில் உடலைக் குறுக்காக வெட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். அது முதல் இடுப்பு முள்ளெலும்பின் மட்டம். உடற்கூறியல் ஆசிரியர்களுக்கு மிகவும் பிடித்த மட்டம், ஏனென்றால் இவ்வளவு உறுப்புகள் சந்திக்கும் இடம் வயிற்றில் வேறில்லை.

சிடி படத்தில் இந்த மட்டத்தைப் பார்த்தால் கீழே நடுவில் வெள்ளையாக முள்ளெலும்பு. அதற்குப் பின்னால் உள்ள துளையில் தண்டுவடம், பெரியவர்களுக்கு அது இந்த மட்டத்தை ஒட்டியே முடிந்துவிடும். முள்ளெலும்புக்கு முன்னால் இரண்டு வட்டங்கள்: ஆளின் இடப்பக்கம் பெருந்தமனி, வலப்பக்கம் கீழ்ப் பெருஞ்சிரை. இரு புறமும் அவரைவிதைபோலச் சிறுநீரகங்கள். பெருந்தமனிக்கு முன்னால் கொழுப்புக்கு நடுவே ஒரு சிறு புள்ளி, குடலுக்குப் போகும் மேல் குடல் தமனி. பெருந்தமனிக்கும் அந்தப் புள்ளிக்கும் நடுவே உள்ள சந்தில், சற்றுக் கீழ் மட்டத்தில், இடச் சிறுநீரகத்தின் சிரை புகுந்து வலப்பக்கம் போகும். புள்ளிக்கு முன்னால் கணையம்.

முருங்கைக்காயை நேர்க்குறுக்கே நறுக்கினால் வட்டம் வரும், சாய்த்து நறுக்கினால் நீள்வட்டம், நீளவாக்கில் கீறினால் பட்டை. பெருந்தமனி மேலிருந்து கீழாக ஓடுவதால் வெட்டில் வட்டம். மண்ணீரலிலிருந்து வரும் சிரை படுக்கையாக ஓடுவதால் அது பட்டை. வடிவத்தைப் பார்த்து ஓட்டத்தை ஊகிப்பதுதான் ஸ்கேன் படிப்பதில் பாதி வேலை.

இனி கணையத்துக்கு வருவோம். ஸ்கேனை மட்டும் பார்த்துப் படித்த மாணவர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார். கணையம் சாய்வாகக் கிடக்கிறது. தலை வலப்பக்கம் தாழ்ந்து, சிறுகுடலின் தொடக்க வளைவுக்குள் பொதிந்திருக்கும். வால் இடப்பக்கம் மேலேறி மண்ணீரலைத் தொடும். அதனால் பெரும்பாலும் ஒரே குறுக்குவெட்டில் முழுக் கணையமும் அகப்படாது. மேல் வெட்டில் வால், நடு வெட்டில் உடல், கீழ் வெட்டில் தலை. பார்த்திராதவருக்கு இவை மூன்று தனித்தனித் துண்டுகளாகத் தெரியும்.

மேசையில் என்ன நடக்கும்? இரைப்பையைத் தூக்கி மேலே திருப்பினால், அதன் பின்னால் வயிற்றின் பின்சுவரோடு ஒட்டிக் கணையம் ஒரே நீட்டமாகப் படுத்திருப்பது தெரியும். அதன் கழுத்துப் பகுதிக்குப் பின்னால் விரலை மெல்ல நுழைத்தால் ஒரு பள்ளம். அங்கே மண்ணீரல் சிரையும் குடலிலிருந்து வரும் சிரையும் கூடிக் கல்லீரலுக்குப் போகும் பெரிய சிரை உருவாகிறது. கணையத் தலையில் புற்று வந்தால் அறுவை மருத்துவர் உயிருள்ளவரிடம் இதே பள்ளத்தைத்தான் கவனமாகத் திறப்பார். விரலால் அந்த இடத்தை ஒருமுறை அறிந்தவருக்கு, சிடியின் மூன்று துண்டுகளும் தாமாக ஒன்றுசேர்ந்துவிடும். ஆனால் இரைப்பையையும் குடலையும் விலக்காமல் மேசையில் கணையத்தைப் பார்க்க முடியாது, விலக்கிய பிறகோ அக்கம்பக்கத்தில் எது எதைத் தொட்டுக்கொண்டிருந்தது என்பது கலைந்துபோகும். அந்த அக்கம்பக்கத்தைக் கலைக்காமல் காட்டுவது சிடி. எதை முதலில் பார்ப்பது என்று கேட்டால், மேசையில் பகுதியைத் தொடங்கும் முன் ஸ்கேனை ஒருமுறை, முடித்த அன்று மாலையே இன்னொருமுறை என்பேன்.

எம்ஆர்ஐயில் எக்ஸ்ரே கிடையாது. உடலின் நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் வலுவான காந்தப்புலத்தில் ரேடியோ அலைக்கு எப்படிப் பதில் தருகின்றன என்பதைக் கேட்டு அது படம் வரைகிறது. மருத்துவமனைகளில் வழக்கமாக உள்ள 1.5 டெஸ்லா காந்தம் பூமியின் காந்தப்புலத்தைப்போல ஏறக்குறைய 30,000 மடங்கு. மூளை, தண்டுவடம், மூட்டுக்குள் இருக்கும் ஜவ்வு போன்ற மென்மையான பகுதிகளுக்கு இதுவே சிறந்தது.

உரிப்பதையும் அறுப்பதையும் ஒரே உடலில் சேர்க்க முடியுமா? அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் அதற்கு மிக அருகில் போனது. டெக்சாஸில் 1993இல் மரண தண்டனைக்குள்ளான ஒருவர் தன் உடலைக் கொடையாக அளித்திருந்தார். அந்த உடலை சிடியும் எம்ஆர்ஐயும் எடுத்து, பிறகு உறையவைத்து, 1 மில்லிமீட்டருக்கு ஒன்றாகச் சீவிச் சீவி ஒவ்வொரு தளத்தையும் படம் பிடித்தார்கள். 1,871 தளங்கள். 1994இல் அவை வெளியாயின. அடுத்த ஆண்டு ஒரு பெண்ணின் உடல், 0.33 மில்லிமீட்டருக்கு ஒன்றாக, ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தளங்கள். ஸ்கேனில் சாம்பலாகத் தெரியும் ஒன்று நிஜத்தில் என்ன நிறம், என்ன தன்மை என்று பக்கத்தில் வைத்துப் பார்க்க அதுவரை இவ்வளவு நல்ல வழி இருந்ததில்லை. தண்டனைக் கைதி ஒருவர் தரும் சம்மதம் எவ்வளவு சுதந்திரமானது என்ற கேள்வியும் அப்போதே எழுந்தது, அதை நான் ஒதுக்கிவிட மாட்டேன்.

இன்று மேசை அளவுத் தொடுதிரையில் மெய்நிகர் உடலை வெட்டிப் பார்க்கும் கருவிகள் நம் ஊர்க் கல்லூரிகள் சிலவற்றிலும் வந்துவிட்டன. பிரிட்டனில் 2002இல் தொடங்கிய பெனின்சுலா மருத்துவப் பள்ளி, மாணவர்கள் உடலைப் பிரித்துப் பார்க்கும் வகுப்பே இல்லாமல் பாடத்திட்டத்தை அமைத்தது. திரையில் தவறாக வெட்டினால் பழையபடி சேர்த்துக்கொள்ளலாம், நூறு முறை திரும்பச் செய்யலாம், நெடி இல்லை. இவை பெரிய வசதிகள், குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் திரை விரலுக்கு எதிர்ப்புக் காட்டுவதில்லை. எவ்வளவு இழுத்தால் கிழியும் என்பதைக் கண்ணாடி சொல்லித்தராது.

அப்படியானால் உடல்கள் எங்கிருந்து வருகின்றன? ஒரு காலத்தில் கொடுமையான வழிகளில் வந்தன. எடின்பரோவில் 1828இல் பர்க், ஹேர் என்ற இருவர் உடற்கூறு ஆசிரியர் ஒருவருக்கு விற்பதற்காக 16 பேரைக் கொன்றார்கள். 1832இல் பிரிட்டன் சட்டம் கொண்டுவந்தது. அது யாரும் உரிமை கோராத ஏழைகளின் உடல்களையே பெரும்பாலும் மேசைக்கு அனுப்பியது. நம் நாட்டிலும் உரிமை கோரப்படாத உடல்கள் சட்டப்படி கல்லூரிகளுக்கு வருகின்றன. யாரும் கேட்காததால் வந்த உடலுக்கும், “நான் போனபின் பிள்ளைகள் படிக்கட்டும்” என்று கையெழுத்திட்டு வந்த உடலுக்கும் வேறுபாடு உண்டு. இரண்டாவது வழி பெருக வேண்டும். சென்னையில் பிறந்த மார்க்சிஸ்ட் கட்சித் தலைவர் சீதாராம் யெச்சூரி 2024 செப்டம்பரில் காலமானபோது குடும்பத்தினர் அவர் உடலை டெல்லி எய்ம்ஸுக்கு அளித்தார்கள்.

உடல் தானமும் உறுப்பு தானமும் வேறு. மூளைச் சாவு அடைந்தவரின் இதயம், சிறுநீரகம் போன்றவற்றை இன்னொருவருக்குப் பொருத்துவது உறுப்பு தானம். முழு உடலையும் படிப்புக்குத் தருவது உடல் தானம். விரும்புகிறவர் அருகிலுள்ள மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறையில் படிவம் வாங்கி, சாட்சிகளோடு கையெழுத்திடலாம். கையெழுத்தைவிட முக்கியமானது வீட்டில் சொல்லிவைப்பது. இறந்தபின் உடலை ஒப்படைக்க வேண்டியவர்கள் அவர்கள்தான், அவர்கள் மறுத்தால் படிவத்தால் பயனில்லை. விபத்து, சந்தேக மரணம், பிரேதப் பரிசோதனை நடந்த உடல், எச்ஐவி, மஞ்சள் காமாலைக் கிருமித் தொற்று உள்ளவர் உடல் ஆகியவற்றைப் பொதுவாக ஏற்பதில்லை. கண்களைத் தானம் செய்துவிட்டு உடலைத் தருவதற்குப் பெரும்பாலும் தடையில்லை.

சிடியில் கதிர்வீச்சு இருப்பதால், படிப்பதற்காக ஒரு மாணவரை அதற்குள் அனுப்ப முடியாது. பெயர் நீக்கிய நோயாளிகளின் படங்களைத்தான் காட்டுவோம். அல்ட்ராசவுண்டில் கதிர்வீச்சு இல்லை, நம் காதுக்கு எட்டாத ஒலியின் எதிரொலி மட்டும்தான். அதனால் மாணவர்களே ஒருவர்மேல் ஒருவர் வைத்துப் பார்க்கலாம். சென்ற ஆண்டு கழுத்துப் பகுதியை மேசையில் முடித்த வாரம், ஒரு மாணவியைத் தன் தோழியின் கழுத்தில் கருவியை வைக்கச் சொன்னேன். திரையில் இரண்டு கறுப்பு வட்டங்கள் அருகருகே தெரிந்தன.

“இதில் எது தமனி, எது சிரை?” என்று கேட்டேன். திரையில் நிறம் இல்லை.

அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு யாரும் சொல்லாமலே கருவியை மெல்ல அழுத்தினாள். ஒரு வட்டம் தட்டையாகி மறைந்தது. மற்றது அப்படியே நின்று துடித்தது.

“இது நசுங்குது சார்,” என்றாள். “நம்ம மேசைப் பாட்டிக்கும் இப்படித்தான் நசுங்குச்சு.”